எங்கே தூங்கப் போகிறோம்? நெடுந்தூர சைக்கிள் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே,

200 கி.மீ. முடித்த தெம்பில் இருப்பவர்களுக்கும், முதன்முறையாக 600 கி.மீ. சவாரிக்குப் பெயர் கொடுக்க யோசிப்பவர்களுக்கும், நமக்காக வழித்தடம் போட்டு, வழியில் குறித்த நேரத்துக்குள் வந்து நாம் முத்திரை வாங்கும் கன்ட்ரோலில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நவம்பரில் தொடங்கும் பருவத்துக்கான பேச்சு சூடுபிடித்துவிட்டது. ஈசிஆரில் கோவளம் தாண்டி டீக்கடையில் சைக்கிளைச் சாய்த்ததும் ஆரம்பிக்கிறோம். 28 டயரா 32-ஆ, ட்யூப்லெஸ் நம்ம ஊர் முள்ளுக்குத் தாங்குமா, கடலைமிட்டாய் போதுமா, ஜெல் வாங்கணுமா, மார்கழி வாடைக்காற்று திரும்பும்போது எத்தனை மணிக்கு முகத்தில் அடிக்க ஆரம்பிக்கும், யார் செயின் லிங்க் கொண்டுவருகிறார்கள் என்று பேச்சு நீள்கிறது. இந்தப் பேச்சு எனக்கு உயிர். இதைக் கேட்டுத்தான் நேற்று வந்த தம்பி, நாளைக்கு 300-க்குத் துணிகிறான். பத்து பேர் பட்டறிவு ஒரு கிளாஸ் டீக்குள் கைமாறிவிடுகிறது.

ஆனால் இத்தனை பேச்சிலும் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. எங்கே தூங்கப் போகிறோம்? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்?

இந்தக் கேள்வியைத்தான் திட்டத்தின் முதல் வரியாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டயருக்கு முன்னால், சாப்பாட்டுக்கு முன்னால், வேகத்துக்கும் முன்னால்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 600 முடித்துவிட்டு வந்தவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரத்துல முடிச்சீங்க?" இரண்டாவது, "தூங்கினீங்களா?" இல்லை என்று சொன்னால் முதுகில் தட்டிக்கொடுக்கிறோம். "ஆளு தூங்காமலே அடிச்சுட்டாரு" என்பது நம் குழுக்களில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் புதியவர் என்ன எடுத்துக்கொள்வார்? தூங்கினால் அது பலவீனம் என்றுதான்.

பிஆர்எம், அதாவது நாம் ஓட்டும் இந்த நேர வரம்புள்ள நெடுந்தூரச் சவாரி, பந்தயமே இல்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பிரான்சின் சைக்கிள் அமைப்பான ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி 200 கி.மீ.க்குப் பதிமூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. அதற்குள் வந்தால் போதும். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 28 மணி நேரத்தில் வந்தவருக்கும் 39 மணி 50 நிமிடத்தில் வந்தவருக்கும் ஒரே மெடல். இல்லாத பரிசுக்காகத் தூக்கத்தை விலையாகக் கொடுக்கிறோம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். சனிக்கிழமை காலை 6 மணிக்கு 600 கிளம்புகிறது. கட்-ஆஃப் ஞாயிறு இரவு 10. ஓடும்போது 22 கி.மீ. வேகம் தாங்கும் ஒருவர், சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் நின்றாலும் இரவு 11 மணிக்கு 300-ஐத் தொட்டுவிடலாம். 300-இல் கன்ட்ரோல் மூடுவது அதிகாலை 2 மணிக்கு. 11.15-க்குப் படுத்து 2.15-க்கு எழுந்து 2.30-க்குக் கிளம்பினால், மீதி 300 கி.மீ.க்குப் பத்தொன்பதரை மணி நேரம் இருக்கிறது. அதாவது நின்ற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15.4 கி.மீ. போனால் போதும். முழுசாக மூன்று மணி நேரத் தூக்கம், மெடலும் உண்டு.

தூங்காதவர் அந்த மூன்று மணி நேரத்தில் எவ்வளவு முன்னால் போய்விடுகிறார்? நள்ளிரவு தாண்டியதும் வேகம் விழுகிறது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கிறார், முகம் கழுவுகிறார், டீ குடிக்கிறார், மறுபடி ஏறுகிறார், தலை தொங்குகிறது, மறுபடி நிற்கிறார். அந்த வேதனையில் அவர் சேர்த்த தூரத்தை, தூங்கி எழுந்தவர் வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் சரிக்கட்டிவிடுகிறார். மார்கழி மாதமாக இருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. போகும்போது முதுகில் தள்ளிய வாடை, ஞாயிறு முழுக்க எதிரே நிற்கும். அதை உடைத்துக்கொண்டு வடக்கே வரக் கால் மட்டும் போதாது, தெளிந்த தலையும் வேண்டும்.

வேகத்தை விட்டுவிடுங்கள், உயிரைப் பற்றிப் பேசுவோம். 6 மணி ஸ்டார்ட்டுக்கு வர நாம் 3 மணிக்கே எழுந்துவிடுகிறோம். அன்று இரவு 8 மணிக்கே விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. 1997-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்று, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்-கை ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. 24 மணி நேரம் ஆகும்போது அது ஏறக்குறைய 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். குடித்துவிட்டு ஒரு தோழர் சைக்கிளில் ஏறினால் கையைப் பிடித்து இறக்கிவிடுவோம். அதே நிலையில் தூக்கமின்றி ஏறுபவரைக் கைதட்டி அனுப்புகிறோம்.

25 கி.மீ. வேகத்தில் போகும்போது மூன்று நொடி கண் சொக்கினால் 20 மீட்டர் கண்மூடிப் போயிருப்போம். நம் சாலைகளில் அந்த 20 மீட்டருக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டில் பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டி நிற்கும் லாரி. எதிர்த் திசையில் வரும் பைக். டெல்டாவில் அறுவடைக் காலமென்றால் பாதி ரோட்டில் நெல் காயும். அதைக் காக்கச் சுற்றி வைத்த கருங்கற்கள் இரவிலும் அப்படியே கிடக்கும். நம் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் லாரிக்காரருக்கு நம்மைக் காட்டும். அந்தக் கல்லை நமக்குக் காட்டாது.

தூங்காமலே வென்ற டெரோன் கதையை யாராவது எடுப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பிரான்சில் 1891-இல் நடந்த முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில் சார்ல் டெரோன் தூங்காமல் ஓட்டி ஏறத்தாழ 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஜியெல்-லவால் தூங்கியபோதுதான் தாண்டிப்போனார். மகத்தான சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் அது பந்தயம், அவர் பந்தய வீரர், அந்தச் சாலையில் அன்று ஒரு லாரி கூடக் கிடையாது. இன்று நாம் கனவு காணும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸில் 1200 கி.மீ.க்கு 90 மணி நேரம் வரை தருகிறார்கள். வழியில் கன்ட்ரோல்களில் படுக்கைக் கூடங்கள் இருக்கின்றன. காசு கொடுத்து, எழுப்ப வேண்டிய நேரத்தைச் சொல்லிவிட்டுப் படுத்தால், தொண்டர் ஒருவர் வந்து தோளைத் தட்டி எழுப்பிவிடுகிறார். அடுத்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 2027-இல். அதற்குத் தகுதி பெற அந்தப் பருவத்தின் 200, 300, 400, 600 எல்லாம் முடித்திருக்க வேண்டும். மூன்று இரவுகளைச் சமாளிக்கத் தூங்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இங்கே நம் 400-லும் 600-லும்தான் பழக முடியும்.

400-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அனுபவசாலிகள் பலர் 600-ஐ விட 400 கொடுமை என்பார்கள். காரணம், அதில் தூங்குவதற்கு யாரும் திட்டமே போடுவதில்லை. "ஒரு ராத்திரிதானே" என்று ஓட்டிவிடப் பார்க்கிறோம். காலை 6-க்குக் கிளம்பி நள்ளிரவு 12-க்கு 300-இல் இருப்பவருக்கு மீதி 100 கி.மீ.க்கு 9 மணி நேரம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் படுத்து எழலாம். அதற்கும் வழியில்லை என்றால், பெட்ரோல் பங்கிலோ பேருந்து நிழற்குடையிலோ இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். படுப்பதற்கு முன் ஒரு காபி குடித்துவிட்டால், அது வேலை செய்ய ஆரம்பிக்கும் நேரமும் நீங்கள் எழும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். எழுந்தவுடனே பெடலில் கால் வைக்காமல் பத்து நிமிடம் நடங்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு என் வேண்டுகோள் இன்னும் குறிப்பானது. 600 வழித்தடம் போடும்போது 280-லிருந்து 320-க்குள், நள்ளிரவிலும் அறை கிடைக்கும் ஊர் ஒன்று வரும்படி பாருங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம் சுமார் 300 கி.மீ. கோயில் ஊர், எந்த நேரமும் ஆள் வந்துபோகும் ஊர், லாட்ஜுக்குக் குறைவில்லை. எழுந்து குடிக்க நல்ல காபியும் உண்டு. அங்கே போய்த் திரும்பும் பாதையை விட்டுவிட்டு, நள்ளிரவில் ஒரு டீக்கடை கூட இல்லாத நெடுஞ்சாலைத் துண்டில் 300-ஐக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

தூங்கும் ஊருக்கு அடுத்த கன்ட்ரோலை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மணிக்கு 15 கி.மீ. கணக்கில் திரும்பும் வழி மயிலாடுதுறை, அதாவது 335-ஆவது கி.மீ., அதிகாலை 4.20-க்கு மூடிவிடும். அங்கே கன்ட்ரோல் வைத்தால், கும்பகோணத்தில் படுத்தவர் 2.30-க்கு மேல் ஐந்து நிமிடம் கூடப் புரளப் பயப்படுவார். அதைச் சிதம்பரத்துக்கு, 370-க்குத் தள்ளினால் 6.40 வரை நேரம் இருக்கும்; 3 மணிக்குக் கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். தாளில் ஒரு புள்ளியை நகர்த்துவதால் அத்தனை பேருக்கும் அரை மணி நேரத் தூக்கம் கிடைக்கிறது. விதியை மீற வேண்டியதில்லை, செலவும் இல்லை.

அறையை முன்கூட்டியே பிடித்து வைப்பதை வசதி என்று நினைக்காதீர்கள், குறிப்பாகப் பெண் தோழர்களுக்கு. ஆண்களான நாம் டோல்கேட் ஓரத்திலோ பங்க் பெஞ்சிலோ ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்துவிடுகிறோம். ஒரு பெண்ணால் அப்படி முடியாது. நள்ளிரவில் தனியாகப் போய் லாட்ஜில் அறை கேட்டால், ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டு இல்லை என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அதனாலேயே தூக்கத்தைத் தியாகம் செய்து ஓட்டும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குழுவின் பெயரில் முந்தின வாரமே போன் செய்து, பெண்களுக்கென்று இரண்டு அறையும், சைக்கிளை உள்ளே நிறுத்த இடமும், வெந்நீரும் உறுதி செய்துவிட்டால் எத்தனையோ பேர் 600-க்குத் துணிவார்கள். பிஆர்எம்மில் கன்ட்ரோலுக்கு வெளியே உதவி வண்டி கூடாது. கன்ட்ரோலில் எல்லாருக்கும் பொதுவாக ஓர் அறை ஏற்பாடு செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இரவில் இரண்டு பேராவது சேர்ந்து ஓட்டுங்கள், கிளம்பும் முன்பே ஒரு உடன்பாடு பேசிக்கொள்ளுங்கள். "என் சைக்கிள் ஆடுதுன்னு நீ சொன்னா, மறுபேச்சு இல்லாம நான் நிறுத்திடுவேன்." அவ்வளவுதான். தூக்கம் வந்தவருக்குத் தனக்குத் தூக்கம் வந்தது தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தம்பிகள் தயங்குகிறார்கள். மூத்தவர்களே, அந்த அனுமதியை ஸ்டார்ட்டிலேயே வாய்விட்டுக் கொடுத்துவிடுங்கள்.

டிஎன்எஃப் ஆனவரை, அதாவது முடிக்காமல் பாதியில் நிறுத்தியவரை, நாம் வரவேற்கும் விதமும் மாற வேண்டும். 420-இல் தூக்கம் தாங்காமல் சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவரிடம், "இன்னும் கொஞ்சம் தள்ளியிருக்கலாமே" என்ற வார்த்தை வேண்டாம். அவர் சரியான முடிவெடுத்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.

முடித்தவருக்கும் ஆபத்து முடிவதில்லை. ஞாயிறு இரவு 10 மணிக்கு கார்டில் கடைசி முத்திரை வாங்கிவிட்டு, அதே தூக்கக் கலக்கத்தில் காரைத் தானே எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்கோ ஆவடிக்கோ போகிறோம். வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லுங்கள், இல்லையென்றால் வாடகை வண்டி. கிட்டத்தில் வீடு இருக்கும் உள்ளூர் தோழர்கள் ஒரு பாயை விரித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொல்வதையும் பயணத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

வரும் பருவத்தின் முதல் 600 அறிவிப்பு வரும்போது, தூரம், ஏற்றம், கன்ட்ரோல் பட்டியல் ஆகியவற்றோடு தூங்கும் ஊரின் பெயரும் அங்குள்ள இரண்டு லாட்ஜ்களின் தொலைபேசி எண்களும் அதே தாளில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். அந்த எண்களைத் திரட்டும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணம், சிதம்பரம் பக்கம் வீடோ உறவோ இருப்பவர்கள் ஞாயிறு டீக்கடையில் என்னைப் பிடியுங்கள். யார் யாருக்குப் போன் செய்வது என்று அங்கேயே பிரித்துக்கொள்வோம்.

அன்புடன்,
உங்களோடு ஓட்டும் தோழன்