பூங்காக் கூழைக்கடா: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பழைய இரும்புச் சாமான்களையும் தட்டுகளையும் வைத்துச் செய்த கூழைக்கடா சிலை பூங்கா வாசலில் எழுந்து நின்றுவிட்டது. "குடமுழுக்கு எப்போ?" என்று காலை நடைக்காரர்கள் கிண்டலடித்துக்கொண்டே இருந்தார்கள். சரி, இதையே திருப்பணி நிறைவு அறிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அங்கே வந்து இறங்கும் பறவை ஒன்றையே வைப்போம் என்று கூட்டத்தில் முடிவானது. சிலர் பூநாரை கேட்டார்கள். அத்தனை மெல்லிய காலை நம்பி மேலே கனம் ஏற்ற முடியாது, புயல் காற்று சாய்த்துவிடும் என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். கூழைக்கடாவுக்குக் குட்டைக் கால், பருத்த உடம்பு. நமக்குத் தோதாகப் போயிற்று.

உள்கூடு இரும்புக் குழாய், கழுத்து சைக்கிள் செயின், கண்ணுக்கு பேரிங். மார்பில் ஒரு தையல் மிஷின் சக்கரம் வைக்க ஆசைப்பட்டோம். அது வார்ப்பிரும்பு. சாதாரண ராடு வைத்துப் பற்றவைத்தார்கள். சூடு ஆறும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், சக்கரத்தில் விரிசல். வேறு சக்கரம் தேடிப்பிடித்து போல்ட் போட்டு மாட்டினோம். அதில் ஒரு வாரம் போனது.

இறகுகள் முழுக்க நீங்கள் பரணிலிருந்து இறக்கித் தந்த எவர்சில்வர் தட்டுகள். எவர்சில்வரும் இரும்பும் நேராக ஒட்டியிருந்து உப்புக்காற்று ஈரமும் சேர்ந்தால், இரும்பு சீக்கிரம் துருவேறும். அதனால் இறகுகளைப் பற்றவைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷர் கொடுத்து முடுக்கியிருக்கிறது. பிள்ளைகள் தடவிப் பார்க்காமல் விடமாட்டார்கள் என்று ஓரங்களை மழுக்கியாயிற்று. இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கை பெயிண்ட்.

ஒரு தவறு நடந்தது, அது குழுவின் தவறுதான். அலகின் கீழ்ப்பையைப் பழைய வாணலியில் செய்தோம்; தண்ணீர் வடிய வழி வைக்க மறந்துபோனோம். முதல் மழைக்கே பை நிரம்பி, நாலாம் நாள் அதில் கொசுப்புழு நெளிந்தது. நல்ல கூழைக்கடா மீன் வைத்திருக்கும்! இப்போது அடியில் மூன்று துளை போட்டாயிற்று. மழைக்காலம் முடிந்ததும் பெயிண்டையும் போல்டுகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வரவு செலவு, ரசீதுகளோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

குழுவினர் பெயரோடு ஏன் கல்வெட்டு வைக்கவில்லை என்று சிலருக்கு வருத்தம். இடது இறக்கையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தட்டுகளில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர்களை யாரும் தேய்க்கவில்லை. சீர்வரிசையில் வந்த தட்டும் இருக்கிறது, கிரகப்பிரவேசத்துக்கு வந்த தட்டும் இருக்கிறது. குழுவில் இருவருடைய அம்மா பெயரும் அங்கேதான் இருக்கிறது. வால் பக்கம் 'கோலப்போட்டி மூன்றாம் பரிசு' என்று ஒரு தட்டு. அதைத் தந்தது யாரென்று இன்னும் தெரியவில்லை; தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், மீந்த சாமான்கள் காவலாளி அறைக்குப் பின்னால் கிடக்கின்றன. வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை காயலான் கடைக்குப் போகிறது.

இப்படிக்கு,
பூங்காப் பணிக் குழு