பல்லாங்குழிக்கு மஞ்சாடி வேண்டும்

பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள சரோஜா,

இங்கு அனைவரும் நலம். நாகர்கோவிலில் உன் வீட்டிலும் அவ்வாறே என நம்புகிறேன். பெரியவளுக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. மூட்டுவலியால் நீ வர இயலாமற் போனதில் எனக்கு வருத்தம் உண்டே தவிரக் கோபம் இல்லை. ராயபுரத்து அத்தைதான், "வளையல் அடுக்க வராதவளுக்கு எலுமிச்சைச் சாதம் கிடையாது" என்று கூறி உன் பங்கையும் தாமே எடுத்துக்கொண்டார்.

நான் எழுத வந்தது வேறு. சம்பந்தி வீட்டார் சீர்த்தட்டுகளோடு ஒரு பல்லாங்குழியும் வைத்திருந்தார்கள். மீன் வடிவில் மடித்து மூடும் மரப்பலகை. 14 குழிகளும் வழவழப்பாகக் கடையப்பட்டவை. பார்த்ததும் நிறைந்த மனம், உள்ளே இருந்த காய்களைக் கண்டதும் வாடிவிட்டது. அத்தனையும் பிளாஸ்டிக் சோழிகள். அச்சில் வார்த்த பிசிறைக்கூடச் சீவாததால் விரல் நுனியில் உறுத்துகிறது. கனமே இல்லாததால் ஒரு குழியில் போட்ட காய் துள்ளி அடுத்த குழியில் போய் விழுகிறது. மூன்று காய் கிடக்கும் குழியில் இன்னொன்று விழுந்தால் பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். காய் தானாகத் துள்ளிப் பசு உண்டானால் அதை யாருக்குக் கொடுப்பது? சண்டை போடாமல் ஓர் ஆட்டத்தை முடிக்க முடியுமா, சொல்.

காய் எதுவாக இருந்தால் என்ன என்று மாப்பிள்ளை கேட்டார். அதெப்படி? குழிக்கு ஐந்தாக 70 காய் வைத்துத் தொடங்கினாலும், ஆட்டம் சூடு பிடித்ததும் ஏதோ ஒரு குழியில் பத்துக்கு மேல் குவிந்துவிடுகிறது. அதைத் தொட்டு எண்ணக் கூடாது. அங்கிருந்து அள்ளினால் கடைசிக் காய் எங்கே விழும், அதற்கடுத்த குழி வெறுமையாக இருந்து, அதற்கும் அடுத்த குழியைத் துடைத்தெடுக்க வாய்க்குமா, அல்லது இரண்டு குழிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்து கை நின்றுவிடுமா என்பதைக் கண்ணாலேயே மதிக்க வேண்டும். அதற்குப் புளியங்கொட்டையைப் போல் ஒன்று வராது. குழியில் படிந்து கிடக்கும். உள்ளங்கையில் கனம் தெரியும். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளும்போது ஒட்டாது. உன் அம்மா கொட்டைகளைக் கழுவி மாடியில் உலர்த்தித் தருவார். நீ அவற்றில் இரண்டை மடியில் ஒளிப்பாய். முட்டைக்கண் டீச்சர் உன்னைப் பாவாடையை உதறச் சொன்ன மதியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ராசப்பா செட்டித் தெருவுக்குப் போனேன். நாட்டு மருந்துக் கடையில் கழற்சிக்காய் இருந்தது. கோலிக்குண்டு அளவில், சாம்பல் நிறத்தில், கல்லைப் போல் கெட்டியான விதை. வீக்கத்துக்கு மருந்தாகக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அதே விதையைக் கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் நம் ஆட்டத்தின் உறவான 'வாரி' என்னும் ஆட்டத்துக்குக் காயாக வைத்துக்கொள்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு போன ஆட்டம் அது. 12 குழி, குழிக்கு நான்காக 48 காய். கழற்சி விதை கடலில் மிதந்து கரை கரையாகப் போய் முளைக்கக்கூடியது என்பதை நினைத்தபோது, காசிமேட்டுக் கடலை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். எல்லாம் இழந்து போனவர்கள்கூட இந்த ஆட்டத்தை விடவில்லை, சரோஜா. நம் பலகைக்குத்தான் கழற்சிக்காய் பெரிது. ஐந்தாறு போட்டாலே குழி நிரம்பிவிடுகிறது.

அதே கடையில் குன்றிமணியும் கிடைத்தது. இலங்கையில் சிங்களப் புத்தாண்டுக்கு இதே ஆட்டத்தைக் குன்றிமணி கொண்டே ஆடுவார்கள். சிவப்பும் கறுப்புமாகக் குழியில் கிடந்தால் கொள்ளை அழகு. ஆயினும் அதை நான் வாங்கவில்லை. மேல்தோல் கெட்டியாக இருக்கும் வரையில்தான் அது அடங்கிக் கிடக்கும். கடித்தாலோ, கோப்பதற்காகத் துளையிட்டதை வாயில் போட்டாலோ, உள்ளிருக்கும் நஞ்சு உயிரையே பறித்துவிடும். தவழும் குழந்தை வரப்போகிற வீட்டில் அது கூடவே கூடாது. உன் மருமகள் கொலுவுக்கென்று கண்ணாடிக் கிண்ணத்தில் நிரப்பி வைத்திருக்கிறாளே, அதையும் தயவுசெய்து இன்றே எடுத்து அப்புறப்படுத்தச் சொல்.

ஆகவே எனக்குச் சிவப்பு விதையான மஞ்சாடி வேண்டும். உன் தெருமுனை மரத்தடியில் அது கொட்டிக் கிடப்பதாகச் சொன்னாயே. தட்டார்கள் இரண்டு குன்றிமணிக்கு ஒரு மஞ்சாடி என்று நிறுத்தது உனக்கும் தெரியும். விரலுக்கு அந்தக் கனம் போதும், நிறமும் குறையாது. பூச்சி துளைத்ததையும் சுருங்கியதையும் நீக்கி, 70-க்கு மேல் ஒரு பிடி கூடுதலாகத் துணிப்பையில் தைத்து அனுப்பு. அதுவும் விதைதான் என்பதால், குழந்தை வளரும் வரை மூடிபோட்ட டப்பாவில் அலமாரியின் மேல்தட்டில்தான் வைப்பேன். அதுவரை பெரியவளும் நானும் புளியங்கொட்டையை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறோம். நேற்று அவள் என்னிடம் நான்கு பசு எடுத்தாள்.

என்றும் அன்புடன்,
மங்கை