பாம்பனிலிருந்து ஒரு நன்றி மடல்

சம்மாட்டி அண்ணன், பாலிடெக்னிக் சார், லேபில் கூட நின்ற தங்கச்சி, மூவருக்கும் வணக்கம்.

அண்ணனுடைய விசைப்படகில் ஜிபிஎஸ் திரை நடுக்கடலில் திடீரென்று இருப்பிடத்தைத் தொலைத்துவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வரும். 1974-ல் பாக் நீரிணையில் போட்ட இந்திய-இலங்கை எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. அந்தத் திரையை நம்பித்தான் படகு போகிறது. அதனால் இந்த மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளுக்குள் கோளாறைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று இருந்தேன்.

ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து வருவதுபோலத் திரைக்கு நல்ல சிக்னல் கொடுக்கச் சாதாரண யுஎஸ்பி சீரியல் கேபிள் போதும். எனக்கு வேண்டியது கொஞ்சம் பிசகிய சிக்னல்: எவ்வளவு பிசகினால் திரை கைவிடுகிறது என்று பார்க்க. டேட்டா அக்விசிஷன் கார்டின் (கம்ப்யூட்டரில் மாட்டி சிக்னலை அளக்கவும் அனுப்பவும் உதவும் கார்டு) டிஜிட்டல் அவுட்புட்டில் அதை நானே உருவாக்கப் பார்த்தேன். 4800 பாடில், அதாவது வினாடிக்கு 4800 பிட் வேகத்தில், ஒரு பிட்டுக்கு 208 மைக்ரோசெகண்டுதான். லேப்டாப்பில் லூப் போட்டு ஒவ்வொரு பிட்டாக அனுப்பினால் விண்டோஸ் அந்த நேரத்தைப் பிடிக்கவே இல்லை. என்னிடம் இருந்த மலிவான கார்டில் வேறு வழியும் இல்லை.

"கார்டுக்குள்ளேயே கடிகாரம் இருக்கும்போது கம்ப்யூட்டரை ஏன் எண்ணச் சொல்றீங்க?" என்று கேட்டு, சார் தன் லேபில் இருந்த கார்டை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் நான் இன்னும் லூப்பையே திருத்திக்கொண்டிருப்பேன். கார்டின் கடிகாரத்தில் வினாடிக்கு 48,000 சாம்பிள் (வெளியே அனுப்பும் மதிப்பு), ஒரு பிட்டுக்குப் பத்து. ஜிபிஎஸ் திரைக்கு வரிவரியாக வரும் தகவலில் ஒரு வரியை வாக்கியம் என்பார்கள், அது 82 எழுத்தைத் தாண்டாது. ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து எழுத்துக்குப் பத்துப் பிட், ஆக 8,200 சாம்பிளுக்குள் அடங்கிவிடும். அத்தனையையும் முன்கூட்டியே கார்டின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) நிரப்பிவிட்டால் மீதியைக் கார்டு பார்த்துக்கொள்ளும்.

அப்படியும் முதல் எழுத்தான டாலர் குறி மட்டும் சரியாக வந்தது, அடுத்து வரவேண்டிய 'ஜி'யிலிருந்து எல்லாம் குப்பை. வயரையும் லெவல் மாற்றும் சிப்பையும் சந்தேகப்பட்டு ஒரு ராத்திரி போனது. தங்கச்சிதான் பேப்பரில் டாலர் குறியின் எட்டுப் பிட்டை 00100100 என்று எழுதி, "அண்ணே, டாலரை எந்தப் பக்கத்திலிருந்து படிச்சாலும் ஒண்ணுதான்!" என்றது. 'ஜி' 01000111, திருப்பினால் வேறு எழுத்து. சீரியலில் கடைசி பிட்தான் முதலில் போகவேண்டும். நான் தலைகீழாக அனுப்பியிருக்கிறேன். அந்தப் பேப்பரைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், தங்கச்சி.

அப்புறம் கடிகாரத்தை 46,500-க்குக் குறைத்து, மூன்று சதவீதம் பிசகவிட்டும் திரை ஒரு வாக்கியத்தைக்கூட விடவில்லை. அப்போ கோளாறு திரையில் இல்லை. அண்ணன் ஒரு சொல் முணுமுணுக்காமல் வீல்ஹவுஸ் பலகையைக் கழற்றவிட்டார். உள்ளே கேபிள் இணைப்பில் உப்புக்காற்று ஏறிப் பச்சைக் களிம்பு பிடித்து, செம்புக் கம்பி நாலு இழைதான் மிச்சம். வெட்டிப் புதிதாகச் சால்டர் வைத்து மூடினோம்.

ஜூன் 15-ல் கடலுக்குப் போய் வந்து, ஒரு தடவைகூட மறையவில்லை என்று அண்ணன் சொன்னார். கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சார், கார்டைத் திங்கட்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.