பாரதக் கூத்துக்கு நன்கொடை வேண்டுகோள்: பங்குனி உத்திரத்துக்குள் இன்னும் 2,75,000 ரூபாய்

திரௌபதி அம்மன் துணை

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், சென்னை, பெங்களூரு, ஓரகடம், திருப்பூர், துபாய் என்று பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கும் கூத்துக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். சித்திரை இரண்டாம் வெள்ளியன்று கொடியேற்றம். மொத்தச் செலவு 6,50,000 ரூபாய். கையில் இருப்பது 3,75,000. மீதிப் பணம் பங்குனி உத்திரத்துக்குள் வந்தால்தான் ஆசாரி வேஷத்துக்கான கட்டை ஆபரணங்களைக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. மரமும் கண்ணாடியும் ஜிகினாவும் அவர் கைக்காசில் வாங்கியவை.

ஆடும் கலைஞர் கூட்டமான நம் ஜமாவின் கூத்துப் பெட்டி 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் நனைந்தது பலருக்குத் தெரியும். தெரியாதது, உள்ளே என்ன ஆனது என்பது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. எடை இல்லாத மரம் என்பதால்தான் துரியோதனன் வேஷக்காரர் அவற்றைச் சுமந்துகொண்டு இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை கிறுகிறுவென்று சுற்றி ஆட முடிகிறது. அந்த மரம் தண்ணீர் குடித்தால் ஊறி வெடிக்கும், அப்புறம் பூச்சி விழும். இரண்டும் நடந்துவிட்டன. போன வருஷம் வெளியூர்களில் ஆடப் போனபோது பக்கத்து ஊர் ஜமாவிடம் இரவல் வாங்கிச் சமாளித்தோம். அம்மன் சன்னிதியில், சொந்த ஊரில், இரவல் கிரீடத்தோடு தருமராஜாவை உட்கார வைப்பதா? பெரியவர்கள் ஒரே குரலில் கூடாது என்றார்கள்.

அவர்களுக்கு அந்த வீம்பு வரக் காரணம் உண்டு. தீப்பந்தம் பிடித்து ஆடிய காலத்தைத் தங்கள் அப்பன்மார் வாயால் கேட்டவர்கள் அவர்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள். சுற்றுப்பட்டு ஊர் சனமெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஏரிக்கரையில் அவிழ்த்துப் போட்டு, பாரதம் முடியும்வரை இங்கேயே சமைத்துச் சாப்பிட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். மைக் இல்லாத அந்தக் காலத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் இருந்து விருத்தம் எடுத்தால் ஏரிக்கரை வரை கேட்குமாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமிக்குக் கூத்தின் மேல் பித்துப் பிடிக்க வைத்தவர் நம் பக்கத்துப் புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் நடேசத் தம்பிரான் என்பது ஊரறிந்த வரலாறு. பட்டணத்தார் தேடி வந்து கற்றுக்கொண்ட மண் இது. நம்மூர் ஜமா புரிசை அளவுக்குப் பேர் வாங்கவில்லை. பதினான்கு பேர் கொண்ட சின்ன ஜமாதான். ஆனால் நாயனம் போன்ற சின்ன ஊதுகருவியான முகவீணை வாசிக்க இன்றும் சொந்த ஆள் வைத்திருக்கிறோம். அதை எத்தனை ஜமா சொல்ல முடியும்?

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. வெளியில் நல்ல வசதியோடு இருக்கும் சிலர், "கூத்துக்கு வருஷா வருஷம் கொடுப்பதைவிட, கான்கிரீட்டில் ஒரு கலையரங்கம் கட்டித் தருகிறோம், முகப்பில் பெயர் போட்டால் போதும்" என்று கேட்டார்கள். அவர்கள் மனசுக்கு நன்றி. ஆனால் வேண்டாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. ஜமாவின் வாத்தியாரும் அதையே சொன்னார். பாரதக் கூத்து ஓர் இடத்தில் நடக்கும் கூத்தா? பகாசூரன் வதத்தன்று பீமன் சோற்று வண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் கொண்டுவந்து கொட்டுவோம், அவர் அள்ளி அள்ளித் தின்பார். அர்ச்சுனன் தபசு வெட்டவெளியில், நட்டு வைத்த பனைமரத்தின் மேல். ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வெற்றிலையும் போடுவார். கீழே பிள்ளை வரம் கேட்டு மடியேந்தி நிற்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களா? துகில் உரியும் இரவில் நடிகரே ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். மொத்தக் கூட்டமும் எழுந்து கும்பிடும். பதினெட்டாம் போர் முடிந்து, போர்க்களமாக அமைத்த படுகளத்தில் பீமன் துரத்த, துரியோதனன் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து ஓடுவார். மேடை கட்டினால் இந்த மனிதர் எங்கே ஓடுவார்? படிக்கட்டில் இறங்கியா?

இப்போது நகரங்களில் பார்வையாளரும் உள்ளே நடந்து பங்கேற்கும் நாடகம் என்று டிக்கெட் போட்டு நடத்துகிறார்களாம். நடக்கட்டும், நல்லதுதான். நம்மூரில் அதற்கு டிக்கெட் கிடையாது, வீட்டுக்கு வீடு கொடுக்கும் தலைக்கட்டு வரிதான். அந்த வரியைத்தான் 75 வீடுகள் இன்னும் கட்டவில்லை.

கணக்கு இதுதான். கட்டை ஆபரணங்களுக்கு 1,20,000. பத்து இரவுக் கூத்துக்கு இரவுக்கு 25,000 வீதம் 2,50,000. வெளியூர் ஜமாவை அழைத்தால் இந்தத் தொகைக்கு வெற்றிலை பாக்கைக்கூடத் தொடமாட்டார்கள். நம் பிள்ளைகள் என்பதால் ஒப்புக்கொண்டார்கள், அதை நாம் மறக்கக் கூடாது. பகலில் பாரதம் படிக்கும் பிரசங்கியாருக்கும் உடன் பாடுபவருக்கும் 60,000. படுகளத்துக்கு ஏரி மண் அடிக்க, மண் துரியோதனனைச் செய்ய, வர்ணம் பூச 58,000. லைட், மைக் செட், ஜெனரேட்டர் 85,000. தபசு மரம் வெட்டிக் கொண்டுவந்து படி அடித்து நட 12,000. சாப்பாட்டுக்கு 65,000, அரிசி தனியாக வீடுகளிலிருந்து வருகிறது. வாண வேடிக்கையை முழுசாக எடுத்துவிட்டோம். இளைஞர்கள் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

வரவு: தலைக்கட்டுக்கு 1,000 வீதம் 235 வீடுகள் கொடுத்தது 2,35,000. நன்கொடை 1,40,000.

அந்த 1,40,000 கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஓரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒரு நாள் சம்பளத்தை ஒன்றாகச் சேர்த்து அனுப்பினார்கள். அதில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆரணியில் தறி போடும் குடும்பங்கள் பணத்தோடு அம்மனுக்குப் பட்டும் கொடுத்திருக்கிறார்கள். கட்டிக்கொடுத்துப் போன பெண்கள் புகுந்த வீட்டிலிருந்து சிறுவாட்டுக் காசை அனுப்பியிருக்கிறார்கள். இவர்களிடம் வரி கேட்க ஊருக்கு உரிமையே கிடையாது, இருந்தும் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் மூதாட்டி ஒருவர் 500 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, பெயர் எழுத வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனார். எழுதவில்லை. பால் சொசைட்டிக்கு ஊற்றுபவர்கள் ஒரு வாரக் காசை அப்படியே திருப்பினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியல் உடைத்தார்கள். எல்லோர் குடும்பமும் அம்மன் அருளால் நன்றாக இருக்க வேண்டும்.

கொடுக்காதவர்களைப் பற்றியும் பேசத்தானே வேண்டும். போன விளைச்சல் சிலருக்குக் கைகொடுக்கவில்லை, தெரியும். அவர்களிடம் யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டோம், நூறு ரூபாய் கொடுத்தாலும் வரி கட்டியதாகவே எழுதுவோம். ஆனால் மாடி மேல் மாடி எழும்பும் வீடுகளிலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பதில்தான் வருகிறது. விராட பருவம் நடத்தினால் மழை வரும் என்பது நம் நம்பிக்கை. அந்த மழை வரி கட்டாதவர் கொல்லையை விட்டுவிட்டா பெய்யப்போகிறது? கூத்து நடுவே அன்பளிப்பு வாசிக்கும்போது கோமாளியாக வரும் கட்டியங்காரன் வாய் சும்மா இருக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் யாரைக் கிண்டல் செய்தாலும் குழு பொறுப்பல்ல.

இன்னொன்று. இந்த முறை சோற்று வண்டி காலனித் தெருவுக்கும் போகும். கூட்டத்தில் இதற்காக இரண்டு பேர் எழுந்து போனார்கள். வரி வாங்கும்போது அது நம் ஊர், வண்டி போகும்போது மட்டும் வேறு ஊரா? அந்தத் தெருவில் ஒரு வீடுகூடப் பாக்கியில்லாமல் முழு வரியும் கட்டிவிட்டார்கள் என்பதை எழுந்து போனவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஜமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்தபோது, பல ஊர்களில் ஆட ஒப்புக்கொண்டு வரிசையாக வெற்றிலை பாக்கு வாங்கி வைத்திருந்தார்கள். அத்தனையும் போயிற்று. அடுத்த வருஷமும் அதே கதை. பெண் வேஷத்துக்குப் பேர்போனவர் செய்யாறு சிப்காட்டில் காவலாளியாகப் போனார், இன்னும் திரும்பவில்லை. இப்போது ஐந்து பையன்களும் இரண்டு பெண் பிள்ளைகளும் வாத்தியாரிடம் அடவு பழகுகிறார்கள். பெண்கள் கட்டை கட்டுவதா என்று முணுமுணுப்பவர்களுக்கு: காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கத்தார் பெண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து ஆட வைத்து வருஷங்கள் ஆகின்றன. நம் பிள்ளைகளில் ஒருத்தி சுபத்திரை கல்யாணத்தில் வருகிறாள். குரலைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

காப்புக் கட்டிய பிறகு ஊரைவிட்டுப் போய் ராத் தங்கக் கூடாது என்பது முறை. வெளியூரில் இருப்பவர்கள் முழுதும் வர முடியாது, சரி. படுகளத்துக்கும் அன்று மாலை தீமிதிக்குமாவது லீவு போட்டு வாருங்கள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் புருஷனை இழந்து ஒப்பாரி வைக்கும்போது நம் வீட்டுப் பெண்களும் கூடச் சேர்ந்து அழுவார்கள். திரௌபதி கூந்தல் முடிந்ததும் களத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெல் குதிரில் போடலாம். குதிர் இல்லாதவர்கள் அரிசி டப்பாவில் போடுங்கள், அம்மன் ஒன்றும் சொல்லமாட்டாள்.

பணத்தைப் பொருளாளரிடமோ, மாலை ஆறு மணிக்கு மேல் கோயில் மண்டபத்திலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். கூகுள் பேயில் அனுப்புபவர்கள் தகப்பனார் பெயரையும் தெருவையும் சேர்த்து எழுதுங்கள். போன முறை ஒரே பெயரில் நான்கு பேர் அனுப்பி, யார் எவர் என்று பிரிக்கவே ஒரு ராத்திரி போனது. பணத்துக்குப் பதில் நெல், விறகு, ஜெனரேட்டருக்கு டீசல் கொடுப்பவர்கள் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டால் அந்தச் செலவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். தருமர் பட்டாபிஷேகம் முடிந்த அடுத்த ஞாயிறு வரவு செலவு மண்டபத்தில் படிக்கப்படும். மிச்சம் இருந்தால் கூத்துப் பெட்டி வைக்கும் அறையின் கூரைக்கு.

இப்படிக்கு,
திரௌபதி அம்மன் கோயில் கூத்துக் குழுவினர்