மஞ்சள் மதில், வெள்ளை மதில்

தம்பி ராசாவுக்கு,

நீ இரவு ரண்டு மணி வரைக்கும் நித்திரை கொள்ளாமல் 'வெளியில உலகம் எண்டு ஒண்டும் இல்லை, எல்லாம் அறிவுக்குள்ளதான்' எண்டு ஆரோடயோ வாதாடிக்கொண்டு இருக்கிறியாம், மருமகள் கொம்மாவுக்குச் சொல்லி கொம்மா எனக்குச் சொல்லி கடைசியில பழி என்ர தலையிலதான், தேப்பன் படிச்ச சித்தாந்தம் பெடியின்ர மண்டையில ஏறிப்போச்சாம்.

சரி, நானும் ஒரு கதை சொல்லுறன் கேள். முன் மதிலுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி, அடிச்ச பெடியன் மலிவுப் பெயின்ற் அடிச்சு ஏமாத்திப்போட்டான் எண்டு ரண்டு வருசமா அவனோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை எல்லே? நீ போன முறை வந்து போனில படம் எடுத்துக் காட்டி 'அப்பா இது வெள்ளைதான்' எண்டனீ, எனக்கு அந்தப் படமும் மஞ்சளாத்தான் தெரிஞ்சது. போன மாசம் வலக்கண்ணில கண்புரை ஒப்பரேசன் முடிஞ்சு அடுத்தநாள் மூடியைக் கழட்டினாப் பிறகு வீட்ட வந்து பாக்கிறன், மதில் சுண்ணாம்பு மாதிரி பளீரெண்டு நிக்குது! வயசு போகப் போக கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை மறிக்குமாம். இடக்கண் இன்னும் வெட்டேல்லை. வலக்கண்ணைப் பொத்தினா நல்லெண்ணெய் பூசின மதில், இடக்கண்ணைப் பொத்தினா வெள்ளை மதில். சாரத்தோட றோட்டில நிண்டு மாறி மாறிப் பொத்திறன், ரியூசனுக்குப் போன பெட்டையள் சிரிச்சுக்கொண்டு போகுதுகள். பெடியனிட்டப் போய் மன்னிப்புக் கேட்டா அவன் 'ஐயா, இப்ப மஞ்சளே அடிச்சு விடட்டோ' எண்டு கேக்கிறான்.

இப்ப உன்ர ஆக்களிட்ட வருவம். 1710இல பெர்க்லி எண்ட ஐரிஷ்காரர் எழுதினார், பின்னுக்குப் பிஷப்பா வந்தவர், அறியப்படுறதுதான் இருக்கிறதாம். சாமுவேல் ஜோன்சன் எண்ட இங்கிலீஷ் எழுத்தாளர் ஒரு கல்லைக் காலால உதைச்சு 'இதுதான் என்ர மறுப்பு' எண்டார், நல்ல பகிடி, ஆனா காலில பட்ட நோவும் அறிவுக்குள்ளதானே. அவைக்கு எவ்வளவோ காலம் முந்தி வசுபந்து எண்ட பௌத்த ஞானி இதையே சொன்னவர், கண்நோய்க்காரன் இல்லாத மயிரைக் காணுற மாதிரித்தான் நாங்கள் உலகத்தைக் காணுறமாம். நான்தான் அந்தக் கண்நோய்க்காரன். நோய் தெளிஞ்சாப் பிறகு மயிர் இல்லை எண்டு தெரியும், சரி, ஆனா மதில் இருந்ததே! ரண்டு வருசம் ஒரு கிழவன் மஞ்சள் எண்டு சண்டை பிடிக்கேக்கையும் அது பேசாம வெள்ளையாத்தான் நிண்டது. எங்கட சைவ சித்தாந்தத்து மெய்கண்டார் சிவஞானபோதத்தின்ர 12 சூத்திரத்தில முதல் சூத்திரத்தையே 'அவன் அவள் அது' எண்டு கண்ணுக்கு முன்னால உள்ளதில இருந்து தொடங்கினது சும்மா இல்லை.

ஆனா உன்ர பக்கமும் ஒண்டு இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். நான் கண்ட அந்த மஞ்சள் எங்க இருந்தது? மதிலில இல்லை. டொக்டர் எடுத்த லென்சைப் பாத்தா லென்சின்ர நிறம் தெரியும், நான் கண்டது தெரியாது. சால்மர்ஸ் எண்ட தத்துவக்காரர் 1995இல கடினமான கேள்வி எண்டு எழுதினது இதைத்தானே. 1998இல கோக் எண்ட மூளை விஞ்ஞானி 25 வருசத்துக்குள்ள உணர்வு மூளைக்குள்ள எப்பிடி வருது எண்டு கண்டுபிடிச்சிடுவம் எண்டு சால்மர்ஸோட பந்தயம் கட்டி, 2023இல தோத்து வைன் போத்தல் பெட்டியோட வந்து நிண்டவர். எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சிருக்கு, தோத்ததை ஒத்துக்கொண்டார்.

அதாலதான் வருங்காலத்தில மனுசன்ர மனசைக் கொம்பியூட்டருக்குள்ள ஏத்திப்போட்டாச் சாவே இல்லை எண்டு நீ சொல்லேக்க எனக்கு வயித்தைக் கலக்குது. உன்ர போன் மதிலை வெள்ளை எண்டு சரியாத்தான் எடுத்தது, என்னை விடத் திறமா. ஆனா வெள்ளையைக் கண்டதோ? கண்டது எண்டு நீ எப்பிடிக் கண்டுபிடிப்பாய்? என்ர மனசை ஏத்தினா அது மதிலைப் பாத்து 'மஞ்சள்' எண்டு சொல்லும், சண்டையும் பிடிக்கும், உள்ளுக்க ஆரும் இருக்கினமோ எண்டு அந்தப் பெயின்ற் பெடியனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

வாற மாசம் இடக்கண்ணும் வெட்டுறது. அதுக்குப் பிறகு அந்த மஞ்சளை இந்த உலகத்தில ஒருத்தரும் காணேலாது, மதில் அப்பிடியே நிக்கும். அதால விடிய எழும்பினா ஒருக்காப் போய் வலக்கண்ணைப் பொத்திப் பாத்திட்டு வாறன். கொம்மா தேத்தண்ணி ஆறுது எண்டு கத்துறா.

அப்பா