சைக்கிள் ஓட்டம் லீட்ஸுக்கு வருகிறது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு, வணக்கம்.

போன சனிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போகிற அவசரத்திலும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "ரீச்சர், 2027இல் சைக்கிள் ஓட்டம் வருகுதாமே, திரும்பவும் ரோட்டெல்லாம் பூட்டப் போகிறார்களா?" வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

ஓம், பூட்டுவார்கள். பிரான்ஸ் நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ்தான் வருகிறது: 2027 கோடையில் பெண்களின் ஓட்டம் எங்கள் லீட்ஸில் தொடங்குகிறது, ஆண்களின் ஓட்டம் எடின்பரோவில். ஆனால் எங்கள் தமிழ்ப் பாடசாலை இதில் என்ன செய்யப் போகிறது என்பதுதான் என் கவலை, ஏனென்றால் 2014இல் நாங்கள் செய்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்த ஆண்டு ஜூலை 5ஆம் திகதி ஆண்களின் ஓட்டம் லீட்ஸ் நகர மண்டபத்துக்கு முன்னால் புறப்பட்டு பக்கத்து ஊரான ஹரோகேட்டில் முடிந்தது. பழைய பெற்றோருக்குக் கதை தெரியும். பாடசாலை நிதிக்கென்று அறுநூறு வடை சுட்டோம். காலையிலேயே ரோடு பூட்டினதால் எங்கள் மேசையை ஒரு ஒழுங்கைக்குள் போடவேண்டி வந்தது, சனமோ விடியவே வந்து பாயும் சான்ட்விச்சுமாக நல்ல இடம் பிடித்துவிட்டது. ஓட்டம் போனபிறகு பசியில் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தோம், ஒருவரும் வரவில்லை, எல்லாரும் வீட்டுக்கு ஓடினார்கள். சைக்கிள்காரர் 198 பேரும் காற்றடித்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டார்கள், தகப்பனின் தோளில் இருந்த முதலாம் வகுப்புப் பொடியன் "முடிஞ்சுதா?" என்று கேட்டது இப்பவும் காதில் கேட்கிறது. அன்று முழுக்க எங்கள் வீடுகளில் வடைதான் சாப்பாடு.

ஓட்டம் இங்கிலாந்தில் நடந்த மூன்று நாளும் வீதியோரம் நின்று பார்த்தவர்கள் சுமார் 35 இலட்சம் பேர் என்றும், ஓட்டம் போன பகுதிகளுக்கு 12.8 கோடி பவுண்ஸ் வருமானம் வந்தது என்றும் பிறகு கணக்கு வெளியிட்டார்கள். வந்திருக்கும், ஹோட்டல்காரருக்கும் பப்காரருக்கும். அதில் நான் குறை சொல்ல வரவில்லை, ஹெலிகொப்டரில் இருந்து எடுத்துக் காட்டிய அந்தக் கல்மதில்களையும் பள்ளத்தாக்குகளையும் உலகமே பார்த்தது, அன்று ஓட்டம் ஏறிப் போன பட்டர்டப்ஸ் மலையேற்றத்துக்கு இன்றைக்கும் போனால் மூச்சு வாங்க மிதிக்கிற ஆட்களைப் பார்க்கலாம், அவர்கள் இறங்கி வந்து ஹோஸ் ஊரில் கோப்பி குடிக்கிறார்கள். ஆனால் எல்லா முறையும் அப்படி நடக்காது. 2019 செப்டெம்பரில் ஹரோகேட்டில் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டி ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது, மழையில் ஸ்ட்ரே புல்வெளி சேறாகிப்போனது, ரோடு பூட்டினதால் வியாபாரம் விழுந்தது என்று கடைக்காரர் பலர் முறையிட்டார்கள். ஊருக்கு ஓட்டம் வந்தால் காசு தானாக வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு 2014இல் பிடித்தது வேறு. ஹரோகேட் பக்கம் கம்பளி நூலில் சின்னச் சின்ன ஜேர்சி, அதுதான் சைக்கிள்காரர் போடுகிற சட்டை, பின்னித் தாருங்கள், தோரணம் கட்டப் போகிறோம் என்று கேட்டார்கள், ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தது. மாஷம் என்ற ஊரில் (எழுத்தில்தான் மாஷம், அந்த ஊரார் சொல்வது மாசம், எங்கள் சித்திரை மாசம் மாதிரியே) கம்பளி மழையில் நனைந்தால் பாரத்துக்கு விளக்குக் கம்பம் தாங்காது என்று அதைக் கழற்றச் சொன்ன கூத்தும் நடந்தது. எங்கள் பிள்ளை ஒருத்தியின் அம்மம்மாவும் பதினான்கு ஜேர்சி பின்னினா. மலையேற்றத்தில் முந்துகிறவருக்குக் கொடுக்கிற வெள்ளையில் சிவப்புப் புள்ளிச் சட்டையை "பொட்டு வைச்ச சட்டை" என்றுதான் சொல்லுவா. நூல் வாங்கப் போன கடையில் பழக்கமான இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் அதற்குப் பிறகும் அவவின் வீட்டுக்குத் தேத்தண்ணீருக்கு வந்துபோனார்கள். பத்து வருடம் அதே தெருவில் இருந்தவ, அதுவரை "ஹலோ"வுக்கு மேல் பேசினதில்லை.

இந்த முறை பெண்களின் ஓட்டம் என்பதால் இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதானதும் சைக்கிள் கராஜுக்குள் போய்விடுகிறது, தம்பிமாருடையது மட்டும் வெளியில் நிற்கிறது. பக்கத்து ஊர் ஒட்லியில் பிறந்த சைக்கிள் வீராங்கனை லிஸி டெய்க்னனின் பள்ளிக்கூடத்துக்கு 2004இல் பிரிட்டிஷ் சைக்கிளிங் என்ற தேசியச் சங்கத்து ஆட்கள் திறமை தேடி வந்தார்கள். அன்று சும்மா ஏறி ஓட்டிப் பார்த்த பிள்ளை, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்து, 2015இல் உலகச் சாம்பியன் ஆகி, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு 2021இல் பெண்களுக்கென்று முதன்முதலாக நடந்த, பிரான்சின் பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தையும் வென்றா. எல்லாரும் அப்படி வரத் தேவையில்லை. கடைக்குச் சைக்கிளில் போய் வந்தாலே எனக்குச் சந்தோஷம். ஊரில் றலி சைக்கிளில் ரியூஷனுக்குப் போன அம்மாமார் உங்களில் எத்தனை பேர்? அந்த றலி நாட்டிங்ஹாமில் செய்தது, இங்கேயிருந்து ஒன்றரை மணித்தியாலக் கார் ஓட்டம்தான்.

சரி, வேண்டுவதைச் சொல்கிறேன். வீட்டில் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சைக்கிள் இருந்தால் கொண்டுவாருங்கள். 2014 ஓட்டத்தை ஒட்டி எங்கள் யோர்க்ஷயரில் சைக்கிள் நூலகம் என்று தொடங்கி, பழைய சைக்கிளை வாங்கித் திருத்திப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுத்தார்கள், அதையே சின்ன அளவில் நாங்களும் செய்யலாம். பிரேக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திருத்தத் தெரிந்த அப்பாமார் இருவர் வரச் சம்மதித்துவிட்டார்கள். அம்மம்மாமார், அப்பம்மாமாருக்கு வகுப்பு நேரத்தில் பின்னல் மேசை ஒன்று போடுகிறோம், அக்கம்பக்கத்து ஆட்களையும் கூட்டிவாருங்கள். அப்புறம், பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற சொந்தக்காரருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அவர்கள் வந்தால் லண்டனோடு திரும்பிவிடுகிறார்கள், யோர்க்கும் ஸ்கிப்டனும் பார்த்ததே இல்லை. எங்களுக்குத் தெரிந்த சுற்றுலாப் பயணிகள் சித்தப்பா, மாமாமார்தானே!

இணைத்திருக்கும் படிவத்தை அடுத்த சனிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சைக்கிளைப் பின்வாசலால் கொண்டுவாருங்கள், முன்வாசலில் கார் நிற்பாட்ட ஏற்கெனவே இடமில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: இந்த முறை வடை இருநூறுக்கு மேல் இல்லை, அதுவும் ஓட்டம் வருவதற்கு முன்னமே விற்கிறோம்.