பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. இனி ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டிலும் என் அறையிலும் ஒரே பேச்சுதான்: எந்த குரூப்?

போன வாரம் ஓர் அம்மா மகளோடு வந்தார். உட்காருவதற்கு முன்பே, "இவளுக்குக் கணக்கு வராது டீச்சர், ஏதாவது லேசான குரூப்பா போட்டு விடுங்க" என்றார். அந்தப் பெண் பொதுத்தேர்வில் கணக்கில் 68 எடுத்திருக்கிறாள். அம்மா பேசி முடிக்கும் வரை சுடிதார் துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது போல.

அவளுடைய ரிவிஷன் தேர்வுத் தாளை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தேன். வடிவியலில் எட்டுக்கு எட்டு, வரைபடத்தில் எட்டுக்கு எட்டு. ஐந்து மார்க் இயற்கணிதம் இரண்டு மட்டும் குறுக்குக்கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. கோட்டுக்கு அடியில் படித்துப் பார்த்தால் கடைசிக்கு முந்தின வரி வரை சரி. "ஏம்மா அடிச்சே?" என்றேன். "எனக்கு எங்க டீச்சர் சரியா வரப்போகுதுன்னு நினைச்சேன்" என்றாள். இருபது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். தெரியாமல் விட்ட மார்க்கைவிட, தெரிந்தும் தன்னை நம்பாமல் அடித்துவிட்ட மார்க்தான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல்.

உங்களை மட்டும் குறை சொல்ல நான் யார்? பல வருஷத்துக்கு முன் ஒரு பையனின் அப்பாவிடம், "இவன் ஐடிஐக்குத்தான் லாயக்கு" என்று சொல்லியிருக்கிறேன், அவன் காதுபடவே. சமீபத்தில் பள்ளி மோட்டார் ஓடாதபோது சரிபார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அவன்தான். அரை மணி நேரத்தில் வேலையை முடித்தான். டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்க சொன்ன விதத்துல ஐடிஐன்னாலே அவமானம்னு நினைச்சு ரெண்டு வருஷம் வீட்டுல சும்மா இருந்தேன் டீச்சர்." நான் காட்டிய வழி தப்பில்லை. காட்டிய விதம் ஒரு பிள்ளையின் இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது.

பாலிடெக்னிக்கும் அப்படித்தான், மார்க் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்று நினைக்கிறோம். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதே, அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான குமரி மாவட்டத்து நாராயணனும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். எல்லோரும் ராக்கெட் விட வேண்டும் என்று சொல்லவில்லை. கதவு மூடியிருக்கிறது என்று தள்ளிப் பார்க்காமலே திரும்பி வராதீர்கள் என்கிறேன்.

காமர்ஸ் பற்றியும் ஒன்று. விரும்பி எடுப்பவர்களுக்கு அது அருமையான குரூப். ஆடிட்டர் படிப்புக்கு பிளஸ் டூவில் கணக்குப் பாடம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் கணக்குக்குப் பயந்து அங்கே போனால் அக்கவுண்டன்சியில் வேறென்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பொதுவாக பி.இ.க்குக் கணக்கும், பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு உயிரியலும் வேண்டும். இன்றைக்கு விட்டால் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் பிடிப்பது கஷ்டம்.

சரி, நிஜமான தடைகள் இல்லையா? இருக்கின்றன. பணம், தூரம், வீட்டில் சீக்காளி, பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பும் பயம். இவற்றை மனத்தடை என்று சொல்லித் தள்ளிவிட மாட்டேன். போன வருஷம் மூன்று பெண்கள் மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு வரவில்லை. அக்கறை இல்லை என்று நாங்கள் முடிவு கட்டினோம். விசாரித்தால், கிளாஸ் முடிவதற்குள் அவர்கள் ஊர் டவுன் பஸ் போய்விடுகிறது. கிளாஸைக் காலைக்கு மாற்றினோம், மூவரும் வந்தார்கள். சொன்னால்தானே தெரியும்?

பணத்துக்கும் வழி உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே விழும். இது தெரியாமல் "நமக்கெல்லாம் எங்க" என்று பத்தாவதோடு நிறுத்தியவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளையோடு வாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மாலை 4 மணிக்கு மேல் வரலாம், நான் இருப்பேன். மார்க் ஷீட், ஆதார், பிள்ளையின் பேங்க் பாஸ்புக் நகல் போதும். ஒரே ஒரு வேண்டுகோள்: முதல் ஐந்து நிமிஷம் பிள்ளை பேசட்டும், அப்புறம் நீங்கள் பேசுங்கள்.

துப்பட்டா சுற்றிய பெண்ணும் அன்றைக்கு வருகிறாள். எந்த குரூப் என்று அவளும் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்